நாடக வாளுக்கு ஒலியும் ஒளியும்: வீசியவுடன் பதில் வரவேண்டும், என்ன மாற்றலாம்?

நிழல்வாள்:
நாடகத்துக்காக ஒரு மந்திர வாள் செய்துகொண்டிருக்கிறேன். அலகு 80 செ.மீ., மெல்லிய பலகைகளை ஒட்டிச் செதுக்கியது. இரண்டு பக்கமும் நடுவே ஒரு பள்ளம் ஓடுகிறது. பள்ளத்துக்குள் டபிள்யூஎஸ் 2812பி எல்இடி பட்டை (ஒவ்வொரு விளக்கின் நிறத்தையும் தனியாக மாற்றலாம்), மீட்டருக்கு 144 விளக்கு. கைப்பிடிக்குள் ஆர்டுயினோ நானோ என்ற கட்டுப்பாட்டுப் போர்டு, மெமரி கார்டிலிருந்து ஒலிக்கோப்புகளை இசைக்கும் டிஎஃப்பிளேயர் மினி, சின்ன ஸ்பீக்கர், அசைவை அளக்கும் எம்பியு-6050 சென்சார், ஒரு 18650 பேட்டரி, அதை 5 வோல்ட்டாக உயர்த்தும் போர்டு எல்லாம் இருக்கின்றன.

உறையிலிருந்து உருவியதும் அடியிலிருந்து நுனிவரை நீல ஒளி ஏற வேண்டும். சும்மா பிடித்திருக்கும்போது மெல்லிய ரீங்காரம். வீசினால் 'வூம்' என்ற சத்தம், இன்னொரு வாளில் மோதினால் வெள்ளை மின்னலும் உலோக ஓசையும். தனித்தனியாகச் சோதித்தபோது எல்லாம் வேலை செய்தது. சேர்த்ததும் நான்கு பிரச்சினைகள்:

ரீங்காரம் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் விக்குகிறது. வீச்சுச் சத்தம் தாமதமாக வருகிறது, சில நேரம் வருவதே இல்லை. மோதும்போது வெள்ளை மின்னல் வந்தவுடன் வாள் மொத்தமாக அணைந்து மறுபடி தொடங்குகிறது. யாரும் மோதாமலே மோதல் ஓசை கேட்கிறது.

எங்கிருந்து தொடங்குவது?

செம்புக்கம்பி:
மின்சாரத்திலிருந்து தொடங்குங்கள். மூன்றாவது பிரச்சினைக்கு ஒரு கணக்குப் போட்டாலே விடை கிடைத்துவிடும்.

80 செ.மீ.க்கு ஒரு பக்கம் 115 விளக்கு, இரண்டு பக்கமும் 230. ஒவ்வொரு விளக்கிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று. முழு வெளிச்சத்தில் ஒவ்வொன்றும் சுமார் 20 மில்லி ஆம்பியர் இழுக்கும். வெள்ளை என்றால் மூன்றும் எரியும், அதாவது விளக்குக்கு 60. மொத்தம் 13.8 ஆம்பியர்! உங்கள் உயர்த்தும் போர்டு 2 ஆம்பியர் தொடர்ந்து கொடுத்தாலே பெரிய விஷயம். மின்னல் வரும் கணத்தில் வோல்ட் சரிகிறது, நானோ மயங்கி விழுந்து மறுபடி எழுகிறது. நிரலில் பிழை தேட வேண்டாம்.

நீலம் மட்டும் முழுதாக எரிந்தால் 4.6 ஆம்பியர். அதையும் கால் அளவுக்குக் குறைத்தால் ஒன்றேகால் ஆம்பியருக்குள் வந்துவிடும். இருட்டு மேடையில் அந்தக் கால் அளவே தாராளம். நம் கண் வெளிச்சத்தை நேர்கோட்டில் அளப்பதில்லை. மின்சாரத்தைப் பாதியாக்கினால் பார்வைக்குப் பாதியாகத் தெரியாது. விளக்குகளை இயக்கும் ஃபாஸ்ட்எல்இடி நிரல் நூலகத்தில் மொத்த மின்னோட்டத்துக்கு உச்சவரம்பு வைக்கும் கட்டளை இருக்கிறது. 2 ஆம்பியர் என்று போட்டுவிடுங்கள், எந்த நிறம் கேட்டாலும் அதற்குள் அடக்கிக் காட்டும்.

அப்புறம், பட்டையின் மின்வழியில் 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றும், தரவு வயரில் 300 முதல் 500 ஓம் மின்தடை ஒன்றும் வையுங்கள். பட்டைக்கான மின்சாரத்தை உயர்த்தும் போர்டின் வெளியீட்டிலிருந்து தனி வயரில் கொண்டுபோங்கள். கட்டுப்பாட்டுப் போர்டின் வழியாக அது போகக் கூடாது.

ஒலித்தச்சன்:
ரீங்காரம் விக்குவதற்கு இரண்டு காரணம். எம்பி3 ஆக மாற்றும்போது கோப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு துளி அமைதி சேர்ந்துவிடும். அது அந்த முறையின் இயல்பு. அதோடு டிஎஃப்பிளேயர் ஒரு கோப்பை முடித்து மறுபடி திறக்கக் கொஞ்ச நேரம் எடுக்கும். தாமதத்துக்கும் இதுதான் காரணம். கட்டளை போய், கார்டில் கோப்பைத் தேடி, திறந்து, இசைக்கத் தொடங்குவதற்குள் வாள் வீச்சே முடிந்திருக்கும்.

அதைவிட முக்கியமான குறை, அந்தக் கருவியால் ஒரு நேரத்தில் ஒரு சத்தம்தான் தர முடியும். ரீங்காரத்தின் மேல் வீச்சு, அதன் மேல் மோதல் என்று கலக்காது. வீச்சுச் சத்தம் வந்தவுடன் ரீங்காரம் அறுந்துபோனால், வாளுக்குள் ஏதோ உயிரோடு இருக்கிறது என்ற எண்ணமும் அறுந்துபோகும்.

என் யோசனை: நானோவையும் டிஎஃப்பிளேயரையும் எடுத்துவிட்டு இஎஸ்பி32 போர்டு ஒன்று, ஐ2எஸ் என்ற டிஜிட்டல் வழியில் ஒலி வாங்கும் மேக்ஸ் 98357ஏ பெருக்கி ஒன்று போடுங்கள். ஒலிக்கோப்புகள் 16 பிட், 22,050 ஹெர்ட்ஸ், மோனோ வேவ் கோப்பாக இருக்கட்டும். மூன்று நான்கு சத்தங்களை எண்ணாகக் கூட்டிக் கலப்பது இஎஸ்பி32-க்கு எளிது. ரீங்காரத்தை நினைவகத்திலேயே வைத்துச் சுற்றவிட்டால் விக்கலும் இருக்காது.

பட்டறைப்பூனை:
கொஞ்சம் பொறுங்கள். டிஎஃப்பிளேயரை அப்படி ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம். பள்ளி மாணவர்கள்கூட ஒரே மாலையில் அதை வைத்து ஒரு வாளைப் பேச வைத்துவிடலாம். ரீங்காரத்தைப் பத்து நிமிடம் நீளும் ஒரே கோப்பாகச் செய்துவிட்டால் விக்கல் காட்சிக்குள் வராது. கார்டில் 'அட்வெர்ட்' என்று ஆங்கிலத்தில் பெயரிட்ட கோப்புறைக்குள் வீச்சுச் சத்தங்களைப் போட்டால், ஓடும் பாட்டை நிறுத்தி, இதை இசைத்து, விட்ட இடத்திலிருந்து தொடரும். வீச்சுக் கோப்புக்குள்ளேயே ரீங்காரத்தைக் கலந்து பதிவுசெய்தால் அறுந்தது காதுக்குத் தெரியாது. கார்டு 32 ஜிபிக்கு மேல் வேண்டாம், எஃப்ஏடி32 என்ற கோப்பு முறையில் வடிவமைத்திருக்க வேண்டும்.

குழந்தை விளையாடும் வாளுக்கு இது போதும். நாடகத்துக்கு என்றால் ஒலித்தச்சன் சொல்வதை மறுக்க மாட்டேன்.

செம்புக்கம்பி:
சத்தம் சில நேரம் வராமலே போவதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது, அது டிஎஃப்பிளேயரின் குற்றமே இல்லை. இந்த விளக்குகளுக்குத் தரவு அனுப்ப ஒன்றுக்கு 30 மைக்ரோ நொடி ஆகும். 115 விளக்குக்கு சுமார் மூன்றரை மில்லி நொடி. நானோவில் அந்த நேரம் முழுக்க இடைமறிப்புகள் (செய்யும் வேலையை நிறுத்தி வேறு சைகையைக் கவனிக்கும் வழி) மூடியிருக்கும். அந்த இடைவெளியில், நானோவும் டிஎஃப்பிளேயரும் பேசிக்கொள்ளும் மென்பொருள் சீரியல் வழியில் வரும் எழுத்துகள் தொலையும். இஎஸ்பி32-இல் விளக்குத் தரவை அனுப்பத் தனி வன்பொருள் இருப்பதால் இந்தச் சிக்கல் வராது.

மாறுவதென்றால் உயர்த்தும் போர்டையும் எடுத்துவிடலாம். பட்டையைப் பேட்டரியிலிருந்தே நேராக ஓட்டுங்கள். 18650 முழுதாக நிறைந்தால் 4.2 வோல்ட், வடியும்போது 3-க்கு அருகில். இதில் ஒரு நன்மை: தரவுச் சைகை விளக்கின் வோல்ட்டில் 0.7 பங்காவது இருக்க வேண்டும். 5 வோல்ட்டில் ஓட்டினால் 3.5 தேவை, இஎஸ்பி32 தருவது 3.3 தான். 4.2-இல் ஓட்டினால் 2.94 போதும், அதனால் இடையில் சைகையின் வோல்ட்டை உயர்த்தும் நிலைமாற்றிச் சில்லு வேண்டாம். பேட்டரி இறங்க இறங்க நீலம் மங்கும், அது உண்மை. ஒரு காட்சிக்கு ஒரு பேட்டரி என்று மாற்றிக்கொண்டால் யாருக்கும் தெரியாது.

நிழல்வாள்:
கணக்கைப் பார்த்ததும் தெளிவாகிவிட்டது. இஎஸ்பி32-க்கு மாறுகிறேன். கைப்பிடியின் உள்விட்டம் 30 மி.மீ., பேட்டரி 18 மி.மீ. போக மற்றதெல்லாம் அடுத்தடுத்து வரிசையாகத்தான் வைக்க வேண்டும். ஒரு சந்தேகம்: மீட்டருக்கு 60 விளக்குப் பட்டை போட்டால் மின்சாரம் இன்னும் மிச்சமாகுமே?

மரச்சீவல்:
மிச்சமாகும், ஆனால் உங்கள் அலகுக்கு ஒத்துவராது. விளக்குக்கும் மேலே ஒளியைப் பரப்பும் தாளுக்கும் உள்ள தூரம், இரண்டு விளக்குகளுக்கு இடையே உள்ள தூரத்துக்குச் சமமாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் புள்ளி புள்ளியாகத் தெரியும். மீட்டருக்கு 144 என்றால் இடைவெளி 7 மி.மீ., 60 என்றால் கிட்டத்தட்ட 17. இரண்டு பக்கமும் 17 மி.மீ. ஆழம் குடைந்தால் அது வாளாக இருக்காது, உலக்கையாக இருக்கும். 144-ஐயே வைத்துக்கொண்டு மங்கலாக ஓட்டுங்கள்.

7 மி.மீ.கூட அதிகம் என்றால், பொருள்கள் உடையாமல் இருக்கச் சுற்றும் மெல்லிய வெள்ளை ஃபோம் தாளை ஒரு அடுக்கு வைத்து, அதன்மேல் பால் நிற அக்ரிலிக் அல்லது பாலிகார்பனேட் பட்டியை வையுங்கள். மோதும் வாளுக்கு அக்ரிலிக் கூடாது. அது அடிபட்டால் கூர்மையான சில்லுகளாகத் தெறிக்கும். பாலிகார்பனேட் வளைந்து கொடுக்கும். நடிகர்களின் கண்ணுக்கு அருகில் வீசப்படும் பொருள் இது, இந்த ஒரு விஷயத்தில் சமரசம் வேண்டாம்.

மோதல் எப்போதும் விளிம்பில்தான் விழ வேண்டும். பள்ளத்தின் பட்டி விளிம்பைவிட 2 மி.மீ. உள்ளே தாழ்ந்திருந்தால் எதிராளியின் அலகு அதைத் தொடாது.

அடுத்தது சாலிடர் இணைப்புகள். வீட்டில் செய்த வாள்கள் பெரும்பாலும் இங்கேதான் சாகின்றன, மின்னணுவில் இல்லை. ஒவ்வொரு அடியும் அலகின் அடிப்பகுதியில் வளைவாக வந்து சேரும். பட்டையின் முதல் செம்புத் தகட்டில் வயர் பற்றவைத்திருக்கும் இடம் அங்கேதான் இருக்கிறது. முதல் விளக்கின் தரவு அறுந்தால் மீதி எல்லாம் இருண்டுவிடும். சிலிக்கான் உறையிட்ட மென்மையான பல இழை வயரைப் போட்டு, இணைப்பிலிருந்து கொஞ்சம் தள்ளி வயரை மரத்தோடு பசையால் பிடித்து வையுங்கள். அடியின் இழுவை பசையோடு நின்றுவிட வேண்டும், சாலிடருக்கு வரக் கூடாது. மின்சாரத்தைப் பட்டையின் நுனியிலும் ஒருமுறை கொடுத்தால், நுனி மங்குவதும் போகும்.

சுழிமானி:
சென்சாரைப் பற்றி யாரும் பேசவில்லை. இந்த இழையில் எனக்குப் பிடித்த பகுதி அதுதான்.

எம்பியு-6050 தொடக்க அமைப்பில் முடுக்கத்தை ±2 ஜி (புவியீர்ப்பின் இரண்டு மடங்கு) வரையும், சுழற்சியை நொடிக்கு ±250 பாகை வரையும்தான் அளக்கும். மணிக்கட்டைச் சுழற்றி வீசும் வீச்சு 250 பாகையை எளிதாகத் தாண்டும். தாண்டியதும் சென்சார் உச்சத்தில் முட்டி நிற்கும். மெல்லிய வீச்சும் வேகமான வீச்சும் அதற்கு ஒன்றாகிவிடும். சுழற்சியை 2000-க்கும் முடுக்கத்தை 16 ஜி-க்கும் மாற்றுங்கள்.

வீச்சுக்கு முடுக்கமானியைப் பார்க்காதீர்கள், அதில் புவியீர்ப்பு எப்போதும் கலந்திருக்கும். சுழல்மானியைப் பாருங்கள். அதிலும் அலகின் நீளவாட்டு அச்சை விட்டுவிடுங்கள்: வாளைக் கையில் திருகினால் காற்றைக் கிழிக்கும் சத்தம் வரக் கூடாது. மற்ற இரண்டு அச்சுகளின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் நுனியின் வேகத்துக்கு நெருக்கமான எண் கிடைக்கும்.

இனி அந்த எண்ணை வைத்து என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 'இந்த அளவைத் தாண்டினால் வீச்சுக் கோப்பை ஓட்டு' என்று எழுதினால் வாள் பொத்தான் அமுக்கிய மாதிரி நடந்துகொள்ளும். அதற்குப் பதிலாக ஒரு தாழ்ந்த சுருதி, ஒரு உயர்ந்த சுருதி என இரண்டு வீச்சு ஒலிகளை எப்போதும் சுற்றில் ஓடவிடுங்கள், ஒலியளவு சுழியத்தில். வேகம் ஏற ஏற அவற்றின் ஒலியளவு ஏறட்டும், தாழ்ந்ததிலிருந்து உயர்ந்ததுக்குக் கலவை நகரட்டும், ரீங்காரம் கொஞ்சம் அடங்கட்டும். எந்தக் கோப்பும் புதிதாகத் தொடங்குவதில்லை, அதனால் தாமதம் என்பதே இல்லை. மெதுவாக வீசினால் முனகும், வேகமாக வீசினால் சீறும், பாதியில் நிறுத்தினால் பாதியில் அடங்கும். அதே எண்ணை வெளிச்சத்துக்கும் கொடுங்கள். நடிகர் ஒரே நாளில் அந்த வாளை வாசிக்கக் கற்றுக்கொள்வார்.

மோதலுக்கு முடுக்கமானி சரி. மொத்த அளவைப் பார்க்காமல், முந்தைய அளவுக்கும் இப்போதைய அளவுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். அடியின் அதிர்வு சில மில்லி நொடிகளில் முடிந்துவிடும், எனவே நொடிக்கு 500 முறையாவது படிக்க வேண்டும்.

மேடைவிளக்கு:
நான் நாடக ஒளியமைப்புப் பக்கம். அருமையான விவாதம், ஆனால் கைப்பிடிக்குள் இருக்கும் ஸ்பீக்கர் அரங்கின் பின்வரிசைக்குக் கேட்காது. கேட்க வைக்க முயன்றால் சத்தம் உடைந்து அலறும். அதே ஓசையை அரங்கின் ஸ்பீக்கரில் இயக்குநர் பொத்தான் அமுக்கி ஒலிக்கச் செய்யலாம். அப்போது நேரம் தவறும்.

இஎஸ்பி32-க்கு மாறியதால் நல்ல வழி ஒன்று திறக்கிறது. இஎஸ்பி-நவ் என்ற கம்பியில்லா முறையில் வாளிலிருந்து வேகத்தையும் மோதலையும் இன்னொரு இஎஸ்பி32-க்கு அனுப்புங்கள். வைஃபை ரவுட்டர் தேவையில்லை. அந்த இரண்டாவது போர்டு மேடையோரத்தில் ஒலிக்கலவைக் கருவியோடு இணைந்து அதே சத்தங்களை எழுப்பட்டும். முன்வரிசைக்கு வாளிலிருந்தே வரும், பின்வரிசைக்கு அரங்கிலிருந்து வரும். வாளின் ஸ்பீக்கரை எடுத்துவிடாதீர்கள், கையில் அதிரும் அந்த ரீங்காரம் நடிகருக்கு வேண்டும்.

மின்னலைப் பற்றி ஒரு கண்டிப்பான வேண்டுகோள். ஒளி துடிப்பால் வலிப்பு வரக்கூடியவர்கள் பார்வையாளர்களில் இருக்கலாம். நொடிக்கு மூன்று முறைக்கு மேல் பளிச்சிடக் கூடாது. சண்டைக் காட்சியில் அடிகள் தொடர்ந்து விழும், எனவே ஒரு மின்னலுக்குப் பின் 350 மில்லி நொடிக்கு அடுத்த மின்னலைப் பூட்டி வையுங்கள். ஓசை ஒவ்வொரு அடிக்கும் வரலாம், ஒளி வேண்டாம்.

நாடகத்தைப் படம்பிடிப்பார்களா? இந்தப் பட்டைகளில் பல சுமார் 400 ஹெர்ட்ஸில் துடிப்பவை, கேமராவில் கோடு கோடாகத் தெரியலாம். அது முக்கியம் என்றால் ஏபிஏ102 பட்டை சுமார் 20 கிலோ ஹெர்ட்ஸில் துடிக்கும், சிக்கல் குறைவு.

நிழல்வாள்:
படம்பிடிக்கும் திட்டம் இல்லை, இருக்கும் பட்டையே போதும். அரங்குக்குத் தனி போர்டு என்பது எனக்குத் தோன்றவே இல்லை, கண்டிப்பாகச் செய்கிறேன். ஒலித்தச்சன், ஸ்பீக்கரை எப்படி அடைப்பது, ஓசைகளை எங்கிருந்து எடுப்பது?

ஒலித்தச்சன்:
ஸ்பீக்கரின் முன்பக்கக் காற்றும் பின்பக்கக் காற்றும் கலந்தால் தாழ்ந்த சுருதிகள் ஒன்றையொன்று தின்றுவிடும். எனவே பின்பக்கம் காற்றுப் புகாத சிறு அறை வேண்டும். 28 மி.மீ. ஸ்பீக்கரைப் பிடியின் அடிக்குமிழில் வெளிப்பக்கம் பார்த்து வையுங்கள், பின்னால் கிடைக்கும் இடத்தையெல்லாம் அறையாக்கி, வயர் நுழையும் துளையைப் பசையால் அடையுங்கள். அதே ஸ்பீக்கர் இரண்டு மடங்கு பெரியது போலக் கேட்கும். பெரிய பெருக்கி வாங்குவதைவிட இது பலன் தரும்.

அவ்வளவு சின்ன ஸ்பீக்கரால் 100 ஹெர்ட்ஸ் ரீங்காரம் தர முடியாது. ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் 180 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிடுங்கள். வீணாக ஸ்பீக்கரை நடுங்க வைக்கும் சக்தி அது. 200, 300, 400 ஹெர்ட்ஸ் அடுக்குகள் இருந்தால், இல்லாத 100-ஐ மூளையே நிரப்பிக்கொள்ளும். அரங்கு போர்டுக்கு மட்டும் வெட்டாத கோப்பைக் கொடுங்கள்.

ஓசைகளை நீங்களே பதிவுசெய்யுங்கள். 1977-இல் ஒளிவாள்களைத் திரைக்குக் கொண்டுவந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட், திரைப்பட புரொஜெக்டரின் மோட்டார் முனகலையும் பழைய டிவியின் படக்குழாய் இரைச்சலையும் கலந்துதான் ரீங்காரத்தை உருவாக்கினார். அதை ஸ்பீக்கரில் ஒலிக்கவிட்டு, முன்னால் மைக்கை வீசி மறுபடி பதிவுசெய்ததுதான் வீச்சு ஓசை. மைக் நெருங்கும்போதும் விலகும்போதும் சுருதி தானாக மாறும். இன்றும் ஒரு கைபேசியை வைத்து இதைச் செய்யலாம். மின்விசிறி, மின்மாற்றி, தேனீப் பெட்டி என எதிலிருந்தும் தொடங்கலாம். உங்களுடையது மந்திர வாள் என்பதால், மனிதர் ஒருவர் வாய்மூடி முனகுவதை ஒரு அடுக்காகச் சேர்த்துப் பாருங்கள்.

மோதலுக்கு நீண்ட இரும்பு அளவுகோலையோ குழாயையோ நூலில் தொங்கவிட்டுத் தட்டுங்கள். ஆறேழு வேறுபாடுகளாவது வேண்டும், ஒரே ஓசை இரண்டாம் முறை வந்தாலே காது கண்டுபிடித்துவிடும். கோப்பின் தொடக்கத்தில் இருக்கும் அமைதியை ஒட்ட வெட்டுங்கள். பாதித் தாமதம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

நிழல்வாள்:
புதிய போர்டு, புதிய ஒலிகள், எல்லாம் உள்ளே வந்துவிட்டன. ரீங்காரம் விக்கவில்லை. மெதுவாக வீசினால் முனகுவதையும் வேகமாக வீசினால் சீறுவதையும் கேட்டு ஒத்திகையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்! மின்னலிலும் அணையவில்லை. யாரும் மோதாமல் மோதல் ஓசை வருவது மட்டும் இன்னும் இருக்கிறது. ஒருமுறை வந்தால் தொடர்ந்து மூன்று நான்கு முறை வருகிறது.

சுழிமானி:
தொடர்ந்து வருகிறது என்றால் ஸ்பீக்கர் சென்சாரை உதைக்கிறது. மோதல் ஓசையின் அதிர்வே அடுத்த மோதலாகப் பதிவாகிறது. சென்சாரை ஸ்பீக்கரிலிருந்து தள்ளி, கைக்காப்பு அருகே, அலகின் மரத்தோடு இறுக்கமாகப் பொருத்துங்கள். ஸ்பீக்கரைச் சுற்றி மெல்லிய ரப்பர் வளையம் போடுங்கள். நிரலில், அந்தக் கணத்தில் ஒலிக்கும் சத்தத்தின் அளவுக்கு ஏற்ப மோதல் எல்லையை உயர்த்துங்கள்: அமைதியில் மெல்லிய தட்டலுக்கும் பதில் சொல்லும், அலறும்போது பலத்த அடிக்கு மட்டும் சொல்லும். எல்லை எண்களைக் கார்டில் ஒரு எழுத்துக்கோப்பில் வைத்தால் ஒத்திகையிலேயே மாற்றிக்கொள்ளலாம்.

மேடைவிளக்கு:
காட்சிகளுக்கு நடுவே வாள் உறையில் கிடக்குமே, அப்போது பேட்டரி என்னாகும்?

செம்புக்கம்பி:
நல்ல கேள்வி. இந்த விளக்குகள் இருண்டிருக்கும்போதும் ஒவ்வொன்றும் 1 மில்லி ஆம்பியர் வரை குடிக்கும். 230 விளக்கு என்றால் கால் ஆம்பியரை நெருங்கும். நிறைந்த பேட்டரியும் ஒரு இரவில் காலியாகிவிடும். பட்டையின் மின்வழியில் ஒரு மாஸ்ஃபெட் (மின்னணு ஸ்விட்ச்) வைத்து, உறையில் இருக்கும்போது நிரலே அதை மூடிவிடட்டும். உறையின் வாயில் சின்னக் காந்தம், கைக்காப்பில் காந்த ஸ்விட்ச். உருவினால் விழிக்கும், செருகினால் உறங்கும்.

அதோடு பேட்டரிக்கு அடுத்தே 5 ஆம்பியர் ஃபியூஸ், வெளியிலிருந்து விரல் எட்டும்படி ஒரு முழு அணைப்பு ஸ்விட்ச். பாதுகாப்புச் சுற்று உள்ள பேட்டரியை மட்டும் போடுங்கள். அது கைப்பிடிக்குள் ஆடாமல் இருக்க வேண்டும், ஆனால் அடிபடும் அலகோடு நேராக முட்டிக்கொண்டும் இருக்கக் கூடாது. இடையில் ஒரு ஃபோம் துண்டு. சார்ஜ் செய்ய வெளியே எடுத்துவிடுங்கள், உள்ளேயே சார்ஜ் போட வேண்டாம். நசுங்கி நெளிந்த பேட்டரியையோ, உறை கிழிந்ததையோ மறுபடி உள்ளே போடாதீர்கள்.

நிழல்வாள்:
கைக்காப்பில் காந்த ஸ்விட்சுக்கு இடம் இருக்கிறது. இன்று மாலை சென்சாரை மேலே நகர்த்திவிட்டு, எல்லை எண்களோடு நிரலையும் இங்கே போடுகிறேன்.